சொகுசு கார்கள்: தரம் வேறு, விலை வேறு, பெயர் வேறு

ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2002இல் ஃபேட்டன் என்ற பெரிய காரை வெளியிட்டது. மெர்சிடிஸ் எஸ்-கிளாஸோடு நேருக்கு நேர் போட்டியிடுவதற்கென்றே செய்யப்பட்ட கார் அது. அதை உருவாக்கச் சொன்ன, நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஃபெர்டினாண்ட் பியெஹ், பொறியாளர்களுக்கு விதித்த நிபந்தனைகள் மோட்டார் உலகில் இன்றும் பேசப்படுகின்றன. வெளியே 50 டிகிரி வெயில் அடிக்க வேண்டும், கார் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுவதும் ஓட வேண்டும், உள்ளே மட்டும் 22 டிகிரி மாறாமல் இருக்க வேண்டும். கடைசியில் விற்பனைக்கு வந்த ஃபேட்டனின் வேகம் 250 கிலோமீட்டரோடு கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஆனாலும் கட்டுமானம் அந்தக் கடுமையான அளவுகோலை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. அதற்காக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட ஒரு தொழிற்சாலையையே கட்டினார்கள்.

அமெரிக்காவில் அந்தக் கார் விலைபோகவில்லை. 2006இல் அங்கே விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

இதே ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குச் சொந்தமான பென்ட்லி, 2003இல் கான்டினென்டல் ஜிடி என்ற காரைக் கொண்டுவந்தது. அதன் அடித்தளம் ஃபேட்டனுடையது. ஃபேட்டனின் உயர்வகையில் இருந்த ஆறு லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜினின் டர்போ வடிவம்தான் இதிலும் இருந்தது. பிறகு வந்த நான்கு கதவு பென்ட்லியின் ஒரு பகுதி உற்பத்தி, சில காலம் அதே டிரெஸ்டன் கண்ணாடித் தொழிற்சாலையிலேயே நடந்தது. பென்ட்லியின் விலையோ ஃபேட்டனைவிடப் பல படி மேலே. மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் கார் விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் 2007இல் பத்தாயிரத்தைத் தாண்டியது.

இரண்டும் ஒரே கார் என்று சொல்லிவிட முடியாது. பென்ட்லியின் தோலும் மரவேலையும் தனி, உடலமைப்பும் தனி. ஆனால் எலும்பும் இதயமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் ஒன்று தோற்றது, மற்றொன்று வென்றது. சொகுசு கார்களை ஒப்பிடத் தொடங்குகிறவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். தரம், விலை, பெயர் மூன்றும் கைகோத்து நடப்பதில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால் ஏறுகிறது, வெவ்வேறு வேகத்தில் இறங்குகிறது. “எந்த பிராண்ட் சிறந்தது?” என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

தரம் என்று எதைச் சொல்கிறோம்?

ஷோரூமில் கதவைச் சாத்திப் பார்த்து, அந்தக் கனத்த ஓசையைக் கேட்டுவிட்டு “நல்ல தரம்” என்று சொல்கிறோம். இருக்கையின் தையலைத் தடவிப் பார்க்கிறோம். பொத்தானை அழுத்தினால் அது ஆடாமல் உறுதியாக இருக்கிறதா, கதவுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவில் இருக்கிறதா என்று கவனிக்கிறோம். இவையெல்லாம் தரம்தான். ஆனால் இது முதல் நாளிலேயே கண்ணுக்கும் கைக்கும் தெரிந்துவிடுகிற தரம்.

ஐந்தாம் ஆண்டில் தெரிகிற தரம் வேறு. மழைக்காலத்தில் மின்னணுச் சாதனங்கள் ஒழுங்காக இயங்குகின்றனவா, காற்றடைத்த சஸ்பென்ஷன் (காரைத் தாங்கிக் குலுக்கலைக் குறைக்கும் அமைப்பு) ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறதா, கியர் மாறும்போது உதறுகிறதா என்பவை அப்போதுதான் வெளிப்படும். முதல் வகைத் தரத்தில் மிக உயர்ந்து நிற்கும் கார் இரண்டாம் வகையில் சறுக்கலாம். சொகுசு கார்களில் இது அடிக்கடி நடக்கிறது.

இந்த இரண்டு தரத்தையும் ஒரே காரில் கொண்டுவந்து காட்டியது எது என்று கேட்டால், நான் தயங்காமல் டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸ் 1989இல் கொண்டுவந்த எல்எஸ் 400ஐச் சொல்வேன். டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா 1983இல், உலகின் மிகச் சிறந்த கார்களோடு போட்டியிடக்கூடிய ஒரு காரை நம்மால் செய்ய முடியுமா என்று தம் நிறுவனத்தாரிடம் கேட்டார். அதற்கான விடையைத் தேடி ஆறு ஆண்டுகள் உழைத்தார்கள். சுமார் 450 மாதிரிக் கார்களைச் செய்து பார்த்தார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் செலவானது.

தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகியின் அணுகுமுறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கார் ஓடும்போது எழும் இரைச்சலை அடக்குவதற்குப் பொதுவாக என்ன செய்வார்கள்? தரையிலும் கதவுகளிலும் ஒலியை உறிஞ்சும் பொருள்களைத் திணிப்பார்கள். சுசுகி அதை ஏற்கவில்லை. இரைச்சல் எங்கே பிறக்கிறதோ அங்கேயே அதை நிறுத்த வேண்டும் என்றார். அதனால் இன்ஜின் பாகங்களை வழக்கத்தைவிட நுணுக்கமாகக் கடைந்தெடுத்தார்கள். இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு பெரும்பாலான கார்களில் சற்றே கோணத்தில் அமைந்திருக்கும், அந்தக் கோணம் அதிர்வைத் தரும். எல்எஸ் 400இல் அதை நேர்கோட்டில் அமைத்தார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே கேட்ட ஒலி 58 டெசிபல்தான். விளம்பரத்தில் அந்தக் காரின் இன்ஜின் மூடிமேல் கண்ணாடிக் கோப்பைகளைப் பிரமிடுபோல அடுக்கிவைத்து, சுழலும் உருளைகள்மேல் காரை அதிவேகத்தில் ஓடவிட்டார்கள். ஒரு கோப்பையும் விழவில்லை.

அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 35,000 டாலர். அதோடு ஒப்பிடத்தக்க மெர்சிடிஸ் எஸ்-கிளாஸின் விலையில் அது ஏறக்குறைய பாதி. 1990களின் நடுவில் அதே லெக்ஸஸின் விலை 50,000 டாலரைத் தாண்டிவிட்டது. பெயர் கிடைக்கும்வரை குறைந்த விலை, கிடைத்த பிறகு உரிய விலை என்ற கணக்கை டொயோட்டா பொறுமையாகக் கையாண்டது.

அந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். விற்பனை தொடங்கிச் சில மாதங்களிலேயே, 1989 டிசம்பரில், வயரிங்கிலும் பிரேக் விளக்கிலும் குறை இருப்பதாக இரண்டு புகார்கள் வந்தன. லெக்ஸஸ் அதுவரை விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்பப் பெற்றது. வாடிக்கையாளரைச் சர்வீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லாமல் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் காரை எடுத்தார்கள். சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வாரங்களுக்குள் வேலை முடிந்தது. புது பிராண்டைக் கவிழ்த்திருக்கக்கூடிய ஒரு குறை, அதன் பெயருக்கே அடித்தளம் ஆனது.

இனி கருத்துக்கணிப்புகளுக்கு வருவோம். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் இரண்டு ஆய்வுகளை நடத்துகிறது. ஒன்று, வாங்கிய முதல் 90 நாள்களில் உரிமையாளர்கள் சொல்லும் குறைகளை எண்ணுகிறது. மற்றொன்று, மூன்று ஆண்டுகள் ஓடிய கார்களின் குறைகளை எண்ணுகிறது. இரண்டிலும் நூறு காருக்கு எத்தனை குறை என்பதே கணக்கு, எண்ணிக்கை குறைந்தால் நல்லது. மூன்றாண்டு ஆய்வில் லெக்ஸஸ் பல முறை முதலிடம் பெற்றிருக்கிறது. ஹூண்டாயின் சொகுசு பிராண்டான ஜெனிசிஸ் 2015இல்தான் தனி பிராண்டாக வந்தது, 2020இல் அதே ஆய்வில் முதலிடத்தைப் பிடித்தது.

இந்தப் பட்டியல்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. திரை மெதுவாக இயங்குகிறது, செல்பேசி இணைய மறுக்கிறது என்பதும் ஒரு குறை. இன்ஜின் நின்றுபோவதும் ஒரு குறை. எண்ணும்போது இரண்டும் ஒன்றுதான். அண்மைக் காலத்தில் அதிகப் புகார் வருவது திரைகளையும் மென்பொருளையும் பற்றித்தான். சொகுசு கார்களில் அவை கூடுதலாக இருப்பதால், சாதாரணக் கார்களைவிடச் சொகுசு கார்கள் சராசரியில் பின்தங்கித் தெரிகின்றன. எந்த ஆய்வைப் பார்த்தாலும், குறை எந்தப் பகுதியில் என்ற விவரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

விலையில் எவ்வளவு கார், எவ்வளவு வரி?

இந்தியாவில் சொகுசு கார் வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு அரசுக்குப் போகிறது. 2025ஆம் ஆண்டின் இறுதி நிலவரப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டில் முழுதாகச் செய்யப்பட்டு, இந்தியத் துறைமுகத்தில் இறங்கும்போது 60 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

இந்த மதிப்புடைய காருக்கு இறக்குமதி வரிகள் மொத்தம் 110 விழுக்காடு, அதாவது 66 லட்சம். கார் இப்போது 1 கோடியே 26 லட்சம். அதன்மேல் 40 விழுக்காடு ஜிஎஸ்டி, சுமார் 50 லட்சம். 1 கோடியே 76 லட்சம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 20 விழுக்காடு, அது இன்னொரு 35 லட்சம். காப்பீட்டையும் டீலரின் லாபத்தையும் சேர்க்காமலே 2 கோடியே 11 லட்சத்தை எட்டிவிட்டோம். 60 லட்சம் மதிப்புள்ள காருக்கு இரண்டு கோடிக்கு மேல் கொடுக்கிறோம்.

அதே கார் பாகங்களாக வந்து இங்கே கோக்கப்பட்டால் கதை மாறிவிடும். இன்ஜினும் கியர்பாக்ஸும் உள்படப் பிரித்த நிலையில் வரும் பாகங்களுக்கு அடிப்படைச் சுங்கவரி 15 விழுக்காடுதான். மற்ற வரிகள் அதே விகிதத்தில் இருந்தாலும், எளிய கணக்கில் சாலைக்கு வரும்போது விலை ஏறக்குறைய 1 கோடியே 16 லட்சத்தில் நின்றுவிடும்.

அதனால்தான் பல நிறுவனங்கள் இங்கே ஆலை வைக்கின்றன. மெர்சிடிஸ் புணேவுக்கு அருகே சாகனில் கோக்கிறது. பிஎம்டபிள்யூ 2007 முதல் செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் கோக்கிறது. தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கையில் உருவாகும் அந்தக் கார்களுக்கு இன்ஜினைக் கோத்துக் கொடுப்பதும் சென்னை வட்டாரத்தில் உள்ள இன்னோர் ஆலைதான். “இங்கே கோத்ததா? அப்படியானால் தரம் குறைவாகத்தான் இருக்கும்” என்று சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். தர அளவுகோலும் சோதனை முறைகளும் ஜெர்மானிய ஆலையில் உள்ளவையே. மாறுவது வரிதான்.

லேண்ட் ரோவர் இதற்கு நல்ல சான்று. டாடா நிறுவனம் 2008இல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனாலும் லேண்ட் ரோவரின் உச்சக் காரான ரேஞ்ச் ரோவர் பல ஆண்டுகள் பிரிட்டனிலிருந்து முழுக் காராகவே வந்துகொண்டிருந்தது. 2024இல் புணேயில் கோக்கத் தொடங்கியபோது விலை சுமார் 18 முதல் 22 விழுக்காடு வரை குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆக, இந்தியாவில் இரண்டு கார்களின் விலையை ஒப்பிடும்போது, இரண்டும் எங்கே கோக்கப்பட்டவை என்று முதலில் கேட்க வேண்டும். ஜெர்மனியில் சமவிலையில் விற்கும் இரு கார்கள், இங்கே 60, 70 லட்சம் வித்தியாசத்தில் நிற்கலாம். விலை கூடியது உயர்ந்தது என்ற வழக்கமான கணிப்பு இங்கே பலிக்காது.

வரியை ஒதுக்கிவிட்டாலும் விலைக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையே உள்ள உறவு நேரானதல்ல. ஆடி க்யூ7, போர்ஷே கயேன், பென்ட்லி பென்டேகா, லம்போர்கினி உருஸ் ஆகிய நான்கும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஒரே அடித்தளக் குடும்பத்தில் பிறந்தவை. மேலே போகப் போக இன்ஜினின் ஆற்றல், உள்வேலைப்பாடு, விருப்பத்துக்கேற்ற வண்ணமும் தோலும் எல்லாம் கூடுகின்றன. ஆனால் விலை அவற்றையெல்லாம் முந்திக்கொண்டு ஓடுகிறது. அந்த மிச்சத் தொகை பெயருக்கு.

பெயரின் விலை

அந்தப் பெயருக்கு உண்மையிலேயே ஒருமுறை தனியாக விலை பேசப்பட்டது. 1998இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் ரோல்ஸ்-ராய்ஸ் கார் நிறுவனத்தை விற்றது. ஃபோக்ஸ்வாகன் 43 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. குரூ நகரத் தொழிற்சாலை, பென்ட்லி பிராண்ட், மூடிமேல் நிற்கும் சிறகுள்ள பெண் சிலையின் உரிமை எல்லாம் கிடைத்தன. ஆனால் ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயர் மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பெயர் விமான இன்ஜின் செய்யும் தனி ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் சொத்து. அவர்கள் அதை 4 கோடி பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவிடம் கொடுத்துவிட்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2003 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் முழுதும் பிஎம்டபிள்யூவுக்கு என்றும் பென்ட்லி ஃபோக்ஸ்வாகனுக்கு என்றும் முடிவானது. பிஎம்டபிள்யூ குட்வுட்டில் புதிய ஆலை கட்டி, புதிய ஆட்களைக் கொண்டு ஃபேன்டம் காரைச் செய்தது. உலகம் அதை ரோல்ஸ்-ராய்ஸ் என்றே மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலையும் பழைய தொழிலாளர்களும் ஒரு பக்கம் போக, மரியாதை பெயரோடு போய்விட்டது.

பெயருக்கு இன்னொரு குணம் உண்டு. அது காலத்தால் பின்தங்கியே வரும். மெர்சிடிஸ் என்றால் அசையாத உறுதி என்ற எண்ணத்தை உலகெங்கும் பதித்தவை 1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட கார்கள். பல நாடுகளில் அவை டாக்சிகளாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடின. 1990களின் பிற்பகுதியில் செலவைக் குறைக்கும் நெருக்கடியும் மின்னணுவியல் பெருக்கமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. அப்போதைய இ-கிளாஸில் துருப் புகார்கள் எழுந்தன. 2005இல் மின்னணுக் கோளாறுகளையும் பிரேக் கோளாறையும் சரிசெய்ய 13 லட்சம் கார்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளிலும் மக்கள் பழைய பெயரை நம்பியே வாங்கினார்கள். பிறகு மெர்சிடிஸ் தரத்தைச் சரிசெய்துகொண்டது, ஆனால் “இப்போதெல்லாம் பழைய மெர்சிடிஸ் மாதிரி இல்லை” என்ற பேச்சு அதன் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. நல்ல பெயர் தரத்துக்குப் பின்னால் வந்ததுபோல, கெட்ட பெயரும் தாமதமாகவே வந்து தாமதமாகவே போனது.

ஃபேட்டனுக்கு நேர் எதிர்த்துருவம் ரேஞ்ச் ரோவர். நம்பகத்தன்மை ஆய்வுகளில் லேண்ட் ரோவர் பல ஆண்டுகளாகக் கடைசி வரிசைகளில் இருந்துவருகிறது. வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும். இருந்தும் விரும்பி வாங்குகிறார்கள். அந்த உயரமான இருக்கை, எந்த நிலத்திலும் தடையின்றிப் போகும் வலிமை, அரச குடும்பம் முதல் பெருநிலக்கிழார்வரை பயன்படுத்திய வரலாறு ஆகியவற்றுக்காகவே பணம் கொடுக்கிறார்கள். இதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் அதில் தவறு ஏதுமில்லை.

நம் சாலையில் ஒப்பிடும்போது

2024இல் இந்தியாவில் மெர்சிடிஸ் 19,565 கார்களும், தன் மினி பிராண்டையும் சேர்த்து பிஎம்டபிள்யூ 15,721 கார்களும், ஆடி 5,816 கார்களும் விற்றன. மெர்சிடிஸ் பின்னிருக்கைக்காரருக்கு, பிஎம்டபிள்யூ ஓட்டுகிறவருக்கு என்று நெடுங்காலமாகச் சொல்வார்கள். இங்கே சொகுசு கார் வாங்குகிறவர்களில் பலர் டிரைவர் வைத்திருப்பவர்கள். அதனால்தான் மெர்சிடிஸ் இங்கே நீளமான இ-கிளாஸை விற்கிறது, அது நாட்டில் மிக அதிகம் விற்கும் சொகுசு கார்களில் ஒன்று. பிஎம்டபிள்யூவும் 3 சீரிஸை நீட்டிக் கொண்டுவந்துவிட்டது. அந்தப் பழைய பாகுபாடு இன்று அவ்வளவாகப் பொருந்தாது.

சிறிய ஊரில் இருப்பவருக்கு இந்த எண்களைவிட முக்கியமானது சர்வீஸ் நிலையம் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பது. பிஎம்டபிள்யூவின் பல மாடல்கள் பஞ்சரானாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய டயர்களோடு வருகின்றன, அவற்றில் பெரும்பாலும் மாற்று டயர் இருக்காது. சென்னையிலோ கோவையிலோ அது பெரிய சிக்கல் அல்ல. மாவட்டத்தின் கோடியில், மழை பெய்த இரவில், அது பெரிய சிக்கல்.

பழைய சொகுசு கார் வாங்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் ஏமாறுவது அங்கேதான். எஸ்-கிளாஸ், பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் போன்ற பெரிய செடான்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் பாதி விலைக்கு இறங்கிவிடுவது வழக்கம். போர்ஷே 911 போன்றவை அப்படி இறங்குவதில்லை. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு கோடி ரூபாய்க் காரை 45 லட்சத்துக்கு வாங்குகிறவர், தன்னை 45 லட்ச ரூபாய்க் காரின் சொந்தக்காரராக நினைத்துக்கொள்கிறார். ஆனால் அதன் பிரேக் தட்டும் முகப்பு விளக்கும் காற்று சஸ்பென்ஷனும் ஒரு கோடி ரூபாய்க் காருக்கான விலையில்தான் கிடைக்கும்.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன் காரின் எண்ணைச் சொல்லி, நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலிருந்து முழுச் சர்வீஸ் வரலாற்றையும் வாங்கிப் பாருங்கள். வாரண்டியை நீட்டிக்க முடியுமா, எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். நீட்டிக்க மறுத்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். காரை ஓர் இரவு முழுதும் சமதரையில் நிறுத்திவைக்கச் சொல்லி, காலையில் இன்ஜினைக் கிளப்புமுன் நான்கு சக்கரங்களுக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால், காற்று சஸ்பென்ஷனில் கசிவு இருக்கலாம். அதை மாற்ற ஆகும் செலவை அந்தச் சர்வீஸ் நிலையத்திலேயே மதிப்பீடாக எழுதி வாங்கி, விற்பவரிடம் காட்டிய பிறகு விலை பேசத் தொடங்குங்கள்.